சென்னியப்பன் எதுக்கு நின்னான்

ஏனுங்க, ஷூ புதுசுங்களா? பாத்தாலே தெரியுது, லேஸ்ல அழுக்கே இல்லை. கையில போனைக் கட்டியிருக்கீங்க, காதுல பாட்டு மாட்டியிருக்கீங்க, நெத்தியில வேர்வைப் பட்டை வேற. எல்லாம் சரிதானுங்க. ஆனா ரெண்டு சுத்து ஓடிட்டு இப்படிப் பெஞ்சுல பொத்துன்னு உக்காந்துட்டீங்களே, அதுதான் தப்பு. மூச்சு வாங்குச்சு, உக்காந்தேன்னு சொல்லுவீங்க. மூச்சு பொய் சொல்லுமுங்க. காலு அதைவிடப் பெரிய பொய்யன்.

நீ மட்டும் உக்காந்திருக்கியேன்னு பாக்காதீங்க. நான் உக்காந்திருக்கறது டாக்டர் சொல்லி. நடக்கலாம், ஓடக் கூடாதுங்கறார். அந்தக் கதை வேற. வேறன்னா என்ன, அதைத்தான் சொல்லப்போறேன். உங்களுக்கும் மூச்சு அடங்கோணுமல்ல, கேளுங்க.

என் பேரு தெய்வசிகாமணி. காந்திபுரத்துல பெயிண்ட் கடை. இந்தக் கோயமுத்தூர்ல ஓடறவங்க யாரைக் கேட்டாலும் 'மைண்டு மணி'ன்னா ஆளைக் காட்டுவாங்க. எங்க குரூப்புல எல்லா மாதிரியும் ஆளு உண்டு. ஞாயித்துக்கெழமை வெடியால நீளமா ஓடிட்டு வந்து, அதோ அந்த வேப்பமரத்தடியில ராகிக்கூழ் குடிப்போம். கூழு ஊத்தற நேரத்துல நான் மனசைப் பத்திப் பேசுவேன். யாரும் கேக்கலீன்னாலும் பேசுவேன். ஓட்டம்ங்கறது இடுப்புக்குக் கீழ இல்லீங்க, காதுக்கு மேல. இதைப் புரிஞ்சவன் ஓடறான், புரியாதவன் ஷூ மாத்திட்டே இருக்கான். உங்களைச் சொல்லலீங்க.

கடைசிக் கொஞ்ச தூரத்துல உசுரு போகுமல்ல, அப்ப ஒவ்வொருத்தரும் ஒண்ணை நெனைச்சுக்குவாங்க. ஒருத்தன் முருகனைக் கூப்புடுவான். ஒரு டீச்சரம்மா அவங்க மகளை நெனைச்சுக்குவாங்க. எங்க குரூப்புல ஒரு ஆடிட்டர், பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லிட்டே ஓடுவார். எனக்கு இதெல்லாம் ஆகாது. நான் முன்னாடி ஓடறவன் முதுகைப் பாப்பேன். அவன்கிட்ட அருவருக்கறதுக்கு ஒண்ணு கண்டுபுடிப்பேன். எல்லார்கிட்டயும் இருக்குமுங்க, தேடுனாக் கெடைக்கும். ஒருத்தனுக்குக் கழுத்து மடிப்புல பவுடர் திட்டுத்திட்டா நிக்கும். ஒருத்தன் ஓடிட்டே போன்ல 'ஆங், ஓடிட்டுதான் இருக்கேன்'ம்பான். ஒருத்தன் காறித் துப்புவான், அது காத்துல நம்ம பக்கமே வரும். அதைப் புடிச்சுக்குவேன். இந்தக் கழிசடைக்குப் பின்னாடியா நான் ஓடறேன்னு நெனைச்சேன்னு வைங்க, காலு தானா எட்டி விழுகும். அவனைத் தாண்டுவேன். அடுத்த முதுகு. அப்படியே தாண்டித் தாண்டி வந்து சேந்துருவேன். இதை நான் குரூப்புல சொல்லிக் குடுத்தப்ப டீச்சரம்மா மூஞ்சியைச் சுளிச்சாங்க. பாருங்க, அவங்களுக்கு என்மேல அருவருப்பு வந்துருச்சு. அதை வெச்சு ஓடியிருந்தா அவங்க மெடல் வாங்கியிருக்கலாம்.

இதுல ஒரே ஒருத்தன்தான் எனக்குச் சிக்கல். சென்னியப்பன். எங்க வீதியிலதான் மாவு மில்லு வெச்சிருக்கான். ரெண்டு பேரும் ஒட்டுக்காப் பள்ளிக்கூடம் போனவங்க, ஒட்டுக்கா ஓட ஆரம்பிச்சவங்க. அவன்கிட்ட அருவருக்கறதுக்கு ஒண்ணும் கெடைக்காது. தேடிப் பாத்துட்டேன். கடைசியில ரெண்டு கெடைச்சுது. ஒண்ணு, வழியில தண்ணி குடுக்கற பசங்க நிப்பாங்களல்ல, ஒவ்வொருத்தனுக்கும் 'டேங்க்ஸுங் கண்ணு, டேங்க்ஸுங் கண்ணு'ன்னு சொல்லிட்டே போவான். வாயில போற மூச்சு வீணுதானுங்களே? இன்னொண்ணு, திரும்பித் திரும்பிப் பாப்பான். 'ஏண்டா பாக்கற'ன்னா, 'நீ வர்றயான்னு பாத்தேன் மாப்ள'ம்பான். திரும்பிப் பாக்கறவன் ஓடறவனே இல்லைன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேக்க மாட்டான்.

அவனுக்கு ஒரு ஆசை. அரை மாரத்தானை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிக்கோணும். ரெண்டு வருசம் முட்டிப் பாத்தான், ரெண்டு தடவையும் மயிரிழையில போச்சு. மொத வருசம் கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு. அடுத்த வருசம் என்னமோ வயித்துக்கோளாறு. இந்த வருசம் வெறி புடிச்ச மாதிரி ஆயிட்டான். பரோட்டாவை விட்டான். கல்யாணம் காட்சிக்குப் போனாக்கூட வேளையோட வந்து படுத்துருவான். மில்லுல கரண்டு போனா அந்த நேரத்துல மாடிப்படி ஏறி எறங்குவான். எனக்கு அந்த மாதிரி டைம் கெரகமெல்லாம் இல்லீங்க. நான் யாரோடயும் போட்டி போடறவனும் இல்லை. எனக்கு சென்னியப்பனுக்கு முன்னாடி முடிக்கோணும், அவ்வளவுதான்.

சரி, அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். மாசி மாசம். பந்தயத்துக்கு முன்னாடி நான் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சேன். கையை நீட்டுங்க, சத்தியம் பண்ணுங்கன்னேன். 'யாரு விழுந்தாலும் நான் நிக்க மாட்டேன். நின்னவன் தோத்தவன்.' இது நான் எழுதுனதுங்க. எல்லாரும் கையை நீட்டிச் சொன்னாங்க. ஆடிட்டர்கூடச் சொன்னார். சென்னியப்பன் மட்டும் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிட்டு இருந்தான். 'டேய், சத்தியம்'னேன். 'பண்ணிக்கிட்டேன் பண்ணிக்கிட்டேன்'னு லேஸைப் பாத்தே சொன்னான். அப்பவே எனக்குச் சந்தேகம்.

கொடியசைக்க வர வேண்டிய பெரிய மனுசன் வரல. எல்லாரும் குதிச்சுக் குதிச்சுக் காலை ஆட்டிட்டே நிக்கறோம், அவரு வீட்டுல காபி குடிச்சுட்டு இருந்திருப்பாரு. ஒரு வழியா வந்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து, கொடி அசையறப்ப வெயிலு ஏறிருச்சு. தூ, இந்த ஊருல ஓடறவனுக்கு இருக்கற மரியாதை அவ்வளவுதான்.

நான் எங்கயுமே தண்ணி வாங்கல. வாங்க மாட்டேன். தண்ணிக்குக் கை நீட்டறதுதான் மொத தோல்விங்கறது என் கணக்கு. உடம்பு 'எனக்கு வேணும்'ங்கும். 'மூடு'ன்னு சொல்லோணும். நல்லாத்தான் போயிட்டு இருந்துது. பாதிக்கு மேல போனப்ப ஒடம்பு சில்லுன்னு ஆச்சு. அந்த வெயில்ல, மயிர்க்கால் நிக்குது. வேர்வை சுத்தமா நின்னு போச்சு. தொட்டுப் பாக்கறேன், கை காஞ்சு கெடக்குது. நான் என்ன நெனைச்சேன் தெரியுமுங்களா? ஜெயிச்சுட்டேன், மனசு உடம்பை ஜெயிச்சிருச்சுன்னு நெனைச்சேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வாழ்க்கையில வந்ததில்லை. எவனெவன் முதுகையோ தாண்டுனேன். எல்லாரு மேலயும் அருவருப்பு, ரோட்டு மேல, கொடியசைச்சவன் மேல, கை தட்டற சனங்க மேல. சுகமா இருந்துது.

கடைசிப் பாலம் எறங்கறப்ப முடிக்கற எடத்துல போட்ட பாட்டுச் சத்தம் கேக்குது. முன்னாடி ஒரே ஒரு முதுகு. சென்னியப்பன். என்ன ஓட்டமுங்க அது! நான் சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன், அவன் அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடி நான் பாத்ததில்லை. ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருப்பான், சந்தேகமே இல்லை. அப்பவும் ஒரு பொடியன் தண்ணி நீட்டறான், இவன் 'டேங்க்ஸுங் கண்ணு'ங்கறான். எனக்குக் கொமட்டிட்டு வந்துது. நல்லதாப் போச்சு, புடிச்சுக்கலாம், தாண்டிரலாம்னு காலை எட்டிப் போட்டேன்.

அவன் திரும்பிப் பாத்தான்.

அப்புறம் எனக்குத் தெரிஞ்சது ரோடு. ரோடு எந்திரிச்சு மூஞ்சிக்கு வந்துது.

கண்ணு முழிக்கறேன், ஒரு கூடாரத்துக்குள்ள படுத்திருக்கேன். கையில குளுக்கோஸ் ஏறுது, கக்கத்துல ஐஸ் கட்டி. தலைமாட்டுல சென்னியப்பன் ஒக்காந்து துண்டை நனைச்சு நனைச்சு என் நெத்தியில போடறான். அவன் பனியன் ஒரு தோள்ல கிழிஞ்சு தொங்குது, அதுல நம்பர் அட்டை ஒத்தை ஊக்குல ஆடுது. பனியனைக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு இருந்துது எனக்கு. வெளிய மைக்குல யாரு யாரு பேரோ சொல்றாங்க. நான் கேட்டேன், 'முடிச்சுட்டயா?' அவன் 'பேசாத மாப்ள, படு'ங்கறான். 'முடிச்சியா இல்லியா?' 'அட, அடுத்த வருசம் பாத்துக்கலாம் விடு.'

நின்னுட்டான்! பாட்டுச் சத்தம் கேக்கற தூரத்துல நின்னுட்டான். சத்தியம் பண்ணிட்டு நின்னுட்டான். நான் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? படுத்துட்டே நான் கேட்ட அடுத்த கேள்வி, 'ஏண்டா நின்ன?' அவன் துண்டைப் புழிஞ்சான்.

அப்புறம் ஆரம்பிச்சுதுங்க கூத்து. எவனோ போட்டோ புடிச்சிருக்கான். நடுரோட்டுல நான் மல்லாக்கக் கெடக்கேன், வாயில நுரை. இவன் என் காலைத் தூக்கித் தன் தோள்ல வெச்சுட்டு, வர்ற போறவன்கிட்டயெல்லாம் தண்ணி வாங்கி என்மேல ஊத்தறான். வாட்ஸப் குரூப்புல அதைப் போட்டுட்டு ஒரே கும்புடு பொம்மை. 'மனிதம்'ங்கறான் ஒருத்தன். 'இவர்தான் உண்மையான வெற்றியாளர்'ங்கறாங்க டீச்சரம்மா. மனுசன் வாயில நுரையோட கெடக்கறதைப் பாத்து மனிதமாம். டாக்டர் வேற சேந்துக்கிட்டார். 'கொஞ்சம் தாமதமாயிருந்தாக் கிட்னி போயிருக்கும், அந்த நண்பருக்கு நன்றி சொல்லுங்க'ங்கறார். டாக்டருக்குக் கிட்னியைப் பத்தித் தெரியும். மனசைப் பத்தி என்ன தெரியுமுங்க?

நான் வீட்டுல சொன்னேன். 'அவனுக்குக் காலு போயிருச்சு. எப்படா ஒரு சாக்கு கெடைக்கும்னு இருந்தான். நான் விழுந்தது அவனுக்குத் தோதாப் போச்சு. நான் உணர்வோட இருந்திருந்தா, போடா, போய் முடிடான்னு தாட்டி விட்டிருப்பேன்.' தெனமும் சொன்னேன், வீதியில பாக்கறவங்ககிட்டயும் சொன்னேன். சோறு போடறப்பவும் சொன்னேன். ஒரு நாளு எங்கூட்டுக்காரி, ரங்கநாயகி, குண்டான் கரண்டியை டப்புன்னு வெச்சா.

'போதுமுங்க. கூடாரத்துல இருந்து ரோட்டுக்கு ஓடி வந்த நர்சுப் புள்ள எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. நீங்க போன்னு சொல்லல. சென்னியப்பண்ணன் ஆம்புலன்ஸைக் கூட்டிட்டு வரலாம்னு எந்திரிச்சப்ப, "விட்டுட்டுப் போயிராத, விட்டுட்டுப் போயிராத"ன்னு அவரு பனியனைப் புடிச்சுட்டுச் சின்னப் புள்ளையாட்ட அழுதிருக்கீங்க. கூடாரத்துக்குத் தூக்கிட்டு வந்தப்பவும் விடல. நர்சும் இன்னொரு ஆளும் சேந்து உங்க விரலைப் பிரிச்சிருக்காங்க. பனியன் எப்படிக் கிழிஞ்சுதுன்னு நெனைச்சீங்க?'

நானுங்க. பனியனைப் புடிச்சு அழுதேனாம். மைண்டு மணி! நடக்குமுங்களா இது? நீங்களே சொல்லுங்க, என்னோட இவ்வளவு நேரம் பேசறீங்க, அப்படி ஆளாட்டத் தெரியுதா நான்? நர்சுப் புள்ளைக்கு அன்னைக்கு எத்தனை பேஷண்டு, எவன் அழுதானோ, எவன் பேரைச் சொல்றாளோ. ஆனா சோறு எறங்கல எனக்கு. அந்தத் தட்டைப் பாக்கவே புடிக்கல. என் கையைப் பாக்கப் புடிக்கல. எந்திரிச்சு நேரா மில்லுக்குப் போனேன்.

மில்லு ஓடிட்டு இருந்துது. யாரோ அம்மா மொளகாய்ப் பொடி அரைக்க நிக்கறாங்க. சென்னியப்பன் தலையெல்லாம் மாவு, கண்ணு மட்டும் தெரியுது. நான் சத்தமாக் கேட்டேன், மில்லுச் சத்தத்துல மெதுவாக் கேக்க முடியாதல்ல.

'அன்னைக்கு நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?'

அவன் என்னையே பாத்தான். அப்புறம் மில்லை நிறுத்துனான். அந்தம்மாகிட்ட 'ஒரு நிமிசமுங்க அம்மிணி'ன்னான். எங்கிட்ட வந்து, 'நீ போன்னுதான் மாப்ள சொன்ன. நான்தான் போகல'ன்னான்.

'போன்னேனா?'

'போ, போய் முடிடான்னு தாட்டுன. எனக்குத்தான் முடியல.'

'அப்ப பனியன்?'

'அது பழசு. துவைச்சுத் துவைச்சு நைஞ்சு கெடந்துது. உன்னைத் தூக்கறப்பக் கிழிஞ்சிருக்கும்.'

பாத்தீங்களா? அவன் வாயாலயே வந்துது. மொதல்ல இருந்து கூட இருந்தவன் அவன்தானே, நர்சா இருந்தா? எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லு எறங்குச்சு. ஆனா விட்டுரலீங்க. 'இதை குரூப்புல எல்லாரு முன்னாடியும் சொல்லோணும்'னேன். அந்த மொளகாய்ப் பொடி அம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க, எதுக்குன்னு தெரியல. அவன் 'சொல்லிட்டாப் போச்சு'ன்னு மறுபடியும் மில்லைப் போட்டுட்டான்.

அதுக்கும் நேரம் வந்துது. சென்னியப்பனுக்குப் பாராட்டு விழாவாம். அந்த வேப்பமரத்தடியிலதான். இட்லி, பொங்கல், எலை போட்டு, ஒரு மைக்கு வாடகைக்கு எடுத்திருந்தாங்க. பொன்னாடையை யாரு போடோணும்? நான் போடோணுமாம். உசுரு பொழைச்சவன் கையால போட்டா விசேசமாம். டீச்சரம்மா ஏற்பாடு. எனக்கு அந்தச் சரிகைத் துணி கையில பட்டதும் கூசுச்சு. போட்டேன். போட்டோ எடுத்தாங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்.

அப்புறம் அவன்கிட்ட மைக்கைக் குடுத்தாங்க. மைக்கைப் புடிக்கவே தெரியலீங்க, கரும்பைப் புடிக்கற மாதிரி புடிச்சான்.

'எனக்குப் பேசிப் பழக்கமில்லீங்க. எல்லாரும் என்னென்னமோ எழுதியிருக்கீங்க. அது அப்படியில்லீங்க. என் காலு அப்பவே போயிருச்சு. எப்படா உக்காரலாம்னு இருந்தேன். மணி விழுந்தது எனக்குச் சாக்காப் போச்சு. அவன் என்னைப் போ போன்னுதான் தாட்டுனான். அவனுக்கு மனசு அவ்வளவு கெட்டி. நான்தான் போகல. சத்தியத்தை மீறுனவனுக்குப் பொன்னாடை எதுக்குங்க? இது மணிக்குத்தான்.'

சொல்லிட்டு அதைக் கழட்டி எந்தோள்ல போட்டான்.

டீச்சரம்மா எலையைக் குனிஞ்சு பாக்கறாங்க. ஆடிட்டர் கூழு டம்ளருக்குள்ள என்னமோ தேடறார். ஒருத்தனும் கை தட்டல. உண்மை சில பேருக்குக் கசக்குமுங்க. நான்தான் மொதல்ல கை தட்டுனேன். கடைசி வரைக்கும் நான்தான் தட்டிட்டு இருந்தேன். பின்னாடி வரிசையில ரெண்டு பேரு முணுமுணுத்தாங்க, 'சே, நாம என்னமோ நெனைச்சோம், இவ்வளவுதானா இந்தாளு'ன்னு. அவனைத்தாங்க சொன்னாங்க. அவன் காதுலயும் விழுந்திருக்கும். எனக்கு என்ன வந்துது? நான் கேட்டது உண்மையை, உண்மை வெளிய வந்துருச்சு. அதோட எல்லாம் முடிஞ்சிருக்கோணும்.

முடியலீங்க. எல்லாரும் எலையைத் தூக்கிட்டு எந்திரிச்சாங்க. கை கழுவற எடத்துல எனக்குப் பக்கத்துல வந்து நின்னான். கொழாயைத் தொறந்து எனக்கு வழி விட்டான். அப்புறம் யாருக்கும் கேக்காத மாதிரி கேட்டான்.

'இப்பச் சரியா, மாப்ள?'

சின்னப் புள்ளைக்குக் கால்ல முள்ளை எடுத்துட்டுக் கேப்பாங்களே, அப்படிக் கேட்டான். கேலி இல்லீங்க. கேலியாக் கேட்டிருந்தா நான் நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பேன். அவன் மூஞ்சியில கேலியே இல்லை. நான் என்ன சொல்லியிருக்கோணும்? 'என்னடா சரியா? உள்ளதைத்தானே சொன்ன, அதுல எனக்கு என்ன சரி, என்ன தப்பு'ன்னு கேட்டிருக்கோணுமா இல்லியா? கேக்கத்தான் வாயைத் தொறந்தேன். தண்ணி கொட்டிட்டு இருக்குது, அவன் என்னையே பாத்துட்டு நிக்கறான்.

தலை ஆடிருச்சுங்க. சரின்னு ஆடிருச்சு. நான் ஆட்டலீங்க, அதுவா ஆடுச்சு.